பத்தாம் நம்பர் ஸ்பேனர் தொலையாத ஒர்க்ஷாப்

எந்த மெக்கானிக் ஷெட்டில் கொஞ்ச நேரம் நின்றாலும் ஒரு கேள்வி காதில் விழும். “பத்தாம் நம்பர் ஸ்பேனரை யாருப்பா எடுத்தது?”

எட்டு இருக்கும். பன்னிரண்டு இருக்கும். பதினான்குகூட இரண்டு இருக்கும். பத்து மட்டும் இருக்காது. பேட்டரி முனை, பிளாஸ்டிக் மூடி, பிராக்கெட் என்று பல கார்களில் அதிகம் தென்படுவது பத்து மில்லிமீட்டர் போல்ட்தான். அதனால் அதிகம் கைமாறுவதும் அதிகம் காணாமல் போவதும் அந்த ஸ்பேனர்தான். இது உலகம் முழுக்க மெக்கானிக்குகள் சொல்லிச் சிரிக்கும் ஜோக்.

அந்த ஸ்பேனர் தொலையவே தொலையாத ஒரு ஒர்க்ஷாப் இருக்கிறது. அங்கே கையில் கிரீஸ் ஒட்டாது. விரல் முட்டி சிராய்க்காது. குனிந்து குனிந்து இடுப்பு பிடித்துக்கொள்ளாது. இருப்பது கம்ப்யூட்டர் திரைக்குள்ளே. பெயர் ‘கார் மெக்கானிக் சிமுலேட்டர்’.

போலந்து நாட்டின் ‘ரெட் டாட் கேம்ஸ்’ உருவாக்கியது. 2014, 2015, 2018, 2021 என்று கார் மாடல் மாதிரியே வருடப் பெயரோடு பதிப்புகள் வந்தன. புது மாடலை முன்கூட்டியே இறக்கும் கார் கம்பெனிகளின் பழக்கமும் தொற்றிக்கொண்டது போல. 2018 என்று பெயர் வைத்த பதிப்பு 2017 ஜூலையிலேயே கடைக்கு வந்துவிட்டது!

வீடியோ கேம் பக்கமே போகாதவர்களுக்கு இதை விளக்குவது கொஞ்சம் கஷ்டம். சண்டை போடுகிற கேம் புரிகிறது. ஃபுட்பால் கேம் புரிகிறது. வேலை பார்க்கிற கேம்? காசு கொடுத்து வாங்கி, ராத்திரி கண்விழித்து, ஊர் பேர் தெரியாத ஒருவருடைய காருக்கு பிரேக் பேடு மாற்றுவதில் என்ன இருக்கிறது என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் லாரி ஓட்டுவது, வயல் உழுவது, கம்ப்யூட்டர் பூட்டுவது, அழுக்குச் சுவரில் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவது என எல்லாவற்றுக்கும் இன்று ஒரு சிமுலேட்டர் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் பெரிய ரசிகர் கூட்டமும் இருக்கிறது.

கார் மெக்கானிக் சிமுலேட்டரில் நீங்கள் ஒரு சின்ன ஒர்க்ஷாப்பின் முதலாளி, தொழிலாளி எல்லாம். ஒரு ஆர்டர் வரும். காரை லிஃப்ட்டில் ஏற்றுவீர்கள். சக்கரத்தைக் கழற்றினால்தான் பிரேக் காலிப்பரைத் தொட முடியும். காலிப்பரைக் கழற்றினால்தான் டிஸ்க் வெளியே வரும். வரிசை தப்பினால், எந்தப் பாகம் குறுக்கே நிற்கிறதோ அது சிவப்பாகத் தெரியும். போல்ட் மேல் மவுஸ் பட்டனை அழுத்திப் பிடித்தால் ஒரு வட்டம் மெல்ல நிறையும், போல்ட் கழன்றுவிடும். ஒவ்வொரு பாகமும் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதைச் சதவீதக் கணக்கில் காட்டும். புதுப் பாகத்தை அங்கேயே வாங்கினால் உடனே கையில். மாட்டி முடித்தால் பணம், கூடவே அனுபவப் புள்ளிகள். புள்ளி சேரச் சேர போல்ட்டை இன்னும் வேகமாகக் கழற்றும் திறமை கிடைக்கும்.

கிண்டல் செய்வது சுலபம். ஆனால் இதில் கற்றுக்கொள்ள நிஜமாகவே விஷயம் இருக்கிறது. பானெட்டையே திறந்து பார்க்காத ஒருவர் பத்து நாள் இதை விளையாடினால், கேம்ஷாஃப்ட் எங்கே உட்காரும், பிஸ்டன் எதோடு இணையும், ஸ்டார்ட்டர் மோட்டார் எந்த மூலையில் இருக்கும் என்பதெல்லாம் படம் போலத் தெரிந்துவிடும். எதைக் கழற்றிய பிறகு எதைக் கழற்ற வேண்டும் என்ற வரிசை மனதில் பதிவது சின்ன விஷயம் இல்லை. கிழிந்த மேனுவலை எண்ணெய்க் கையால் புரட்டிக் கற்றுக்கொண்டவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

பிரச்னை அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது.

அந்த ஒரு போல்ட்

நிஜ வண்டியில் ஒரு போல்ட் என்பது எப்போதும் ஒரு போல்ட்டாக இருப்பதில்லை. பத்து வருட மழைத் தண்ணீரைக் குடித்திருக்கும். பனி கொட்டும் நாடுகளில் இன்னும் மோசம். சாலையில் பனி உறையாமல் இருக்கக் கொட்டும் உப்பு வண்டியின் அடிவயிறு முழுக்கத் தெறித்து, இரும்பைத் தின்றுகொண்டே இருக்கும். சைலென்சர் பக்கம் இருக்கும் போல்ட் என்றால் தினமும் சூடாகிக் குளிர்ந்து, சூடாகிக் குளிர்ந்து, நட்டும் போல்ட்டும் ஓருயிராகவே ஆகியிருக்கும்.

அதில் ஸ்பேனரை வைத்ததும் கைக்குத் தெரிந்துவிடும், இது வராது என்று. முதலில் துரு இளக்கும் எண்ணெய். ஊறட்டும் என்று விட்டுவிட்டு வேறு வேலை. திரும்பி வந்து சுத்தியலால் தலையில் நாலு தட்டு. பிறகு கேஸ் டார்ச்சால் சூடு. பக்கத்தில் ரப்பர் புஷ் இருந்தால் அது உருகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பிறகு ஸ்பேனரின் வாலில் ஒரு பைப்பைச் செருகி, மூச்சைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஒரு இழு. ‘டக்’. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் அனுபவசாலிக்கு முகம் மாறிவிடும். அசைந்து கொடுத்த சத்தமா, அறுந்த சத்தமா என்பது அவருக்குத் தெரியும். அறுந்துவிட்டால் போல்ட்டின் தலை மட்டும் கையில். உடம்பு உள்ளே. இனி நடுவில் துளை போட்டு, எக்ஸ்ட்ராக்டரை இறக்கி, அது உடையாமல் இருக்க வேண்டிக்கொண்டு திருப்ப வேண்டும். உடைந்தால் இன்னும் பெரிய கதை. எக்ஸ்ட்ராக்டரின் எஃகு சாதாரண டிரில்லுக்கு அசையாது. எல்லாம் முடிந்த பிறகு, மரை போயிருக்கிறதா என்று பார்த்து, புது மரை போட வேண்டும்.

பத்து நிமிட வேலை இரண்டு நாள் ஆவது இப்படித்தான். கேமில் அதற்கு ஆகும் நேரம் இரண்டு மூன்று நொடி.

இதைச் சொல்லித்தான் ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கிறார்கள். ஒரு கட்சிக்கு, துரு இல்லாமல், மரை போகாமல், வாடிக்கையாளர் திரும்பி வந்து சண்டை போடாமல் இருந்தால் அது மெக்கானிக் வேலையே அல்ல, வண்ண வண்ணப் பாகங்களைப் பொருத்தும் குழந்தைப் புதிர். இன்னொரு கட்சி, நாள் முழுக்க ஆபீஸில் அவதிப்பட்டு வந்தவன் ராத்திரியும் அறுந்த போல்ட்டோடு அழவேண்டுமா என்று கேட்கிறது. நிஜம் வேண்டுமென்றால் வாசலில் நிற்கும் வண்டியைக் கழற்ற வேண்டியதுதானே!

இரண்டாவது கட்சிக்கு ஆதரவாக ஆராய்ச்சியே இருக்கிறது. ‘பவர்வாஷ் சிமுலேட்டர்’ என்று ஒரு கேம். அழுக்குப் பிடித்த வண்டி, வீடு, விளையாட்டு மைதானம் என்று தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவதுதான் மொத்த விளையாட்டும். இதை விளையாடிய 8,000-க்கும் மேற்பட்டவர்களிடம், விளையாடும்போதே மனநிலை எப்படி இருக்கிறது என்று கேட்டுப் பதிவு செய்தார்கள் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள். பெரும்பாலானவர்களுக்கு மனநிலை கொஞ்சம் உயர்ந்திருந்தது. அந்த உயர்வும் முதல் கால் மணி நேரத்திலேயே வந்துவிட்டது. அழுக்கு போவது கண்ணுக்குத் தெரிகிறது, வேலை முடிந்தது என்று கேமே சொல்கிறது, முடிந்தது முடிந்ததுதான். நிஜ வாழ்க்கையில் எந்த வேலை அப்படி முடிகிறது? தேய்த்த பாத்திரம் சாயங்காலமே திரும்பவும் சிங்க்கில் கிடக்கிறது.

ஆக, சுத்தமான ஒர்க்ஷாப்புக்கு ஒரு நியாயம் இருக்கிறது. அப்படியே விட்டுவிடலாம்தான், ஃபின்லாந்திலிருந்து வந்த இன்னொரு கேம் மட்டும் இல்லாமல் இருந்தால்.

1995, ஒரு ஃபின்லாந்து கோடை

பெயர் ‘மை சம்மர் கார்’. ‘அமிஸ்டெக் கேம்ஸ்’ என்ற மிகச் சிறிய நிறுவனத்தின் தயாரிப்பு. 2016 அக்டோபரில் பாதி முடிந்த நிலையிலேயே விற்பனைக்கு வந்தது. முழுப் பதிப்பு வந்தது 2025 ஜனவரியில். எட்டு வருடத்துக்கும் மேல்! பழைய கார் ஒன்றை வீட்டுக் கொட்டகையில் வைத்துக்கொண்டு ‘அடுத்த மாசம் முடிச்சிடுவேன்’ என்று சொல்பவர்களின் அதே வேகம்.

கதை இதுதான். வருடம் 1995. ஃபின்லாந்து முதன்முறையாக ஐஸ் ஹாக்கியில் உலக சாம்பியன் ஆன வருடம். ஒரு கிராமத்து வீடு. அப்பாவும் அம்மாவும் டெனெரிஃப் தீவுக்கு விடுமுறைக்குப் போயிருக்கிறார்கள். வீட்டில் பத்தொன்பது வயதுப் பையன் தனியாக. கொட்டகையில் ஒரு பழைய கார் கிடக்கிறது. கார் என்று சொல்வதே மரியாதைக்குத்தான். பாடி ஒரு பக்கம், இன்ஜின் கட்டை ஒரு பக்கம், பிஸ்டன், கியர்பாக்ஸ், கதவு, சீட்டு எல்லாம் ஆளுக்கொரு மூலையில். நூற்றுக்கும் மேற்பட்ட பாகங்கள். கேமில் காரின் பெயர் ‘சட்சுமா’. மாதிரிக்கு எடுத்துக்கொண்டது ‘டாட்சன் 100ஏ’. 1970-களில் ஃபின்லாந்துக் குடும்பங்கள் விரும்பி வாங்கிய சின்ன ஜப்பான் கார் அது. அந்த நாட்டில் ஒரு தலைமுறைக்கே, ‘எங்க வீட்டு முதல் வண்டி’ ஞாபகம்.

இதைப் பூட்டி, ஓட்டி, அரசாங்கப் பரிசோதனையில் பாஸ் செய்து, நம்பர் பிளேட் வாங்க வேண்டும். எப்படி என்று கேம் வாயைத் திறக்காது. எந்தப் பாகமும் சிவப்பாக ஒளிராது. ஸ்பேனர் பெட்டியில் ஐந்திலிருந்து பதினைந்து வரை இருக்கும். எந்த போல்ட்டுக்கு எது என்று வைத்துப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அளவு தவறினால் போல்ட் நகராது. சரியானது கிடைத்தால் மவுஸ் சக்கரத்தை உருட்டி உருட்டி ஒவ்வொன்றாக முடுக்க வேண்டும். மறந்துவிட்டால் அந்த இடத்தில் எதுவும் நடக்காது. மறுநாள், ஊருக்குப் போகும் மண் சாலையில், வேகமாகப் போகும்போது அந்தப் பாகம் கழன்று விழும்.

வால்வு இடைவெளி சரிசெய்ய வேண்டும். கார்புரேட்டரில் காற்றும் பெட்ரோலும் சேரும் அளவைத் திருகிப் பார்க்க வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி டைமிங் வைக்க வேண்டும். ஸ்பெஷல் பாகம் வேண்டுமென்றால் பட்டியலைப் பார்த்து எழுதி, உறையில் போட்டு, தபாலில் அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும். அதற்குக் காசு? விறகு ஏற்றிப்போய்க் கொடு. ஊர்க்காரர்களின் செப்டிக் டேங்கை லாரியில் உறிஞ்சி எடு. ஸ்ட்ராபெர்ரி பறி. இதற்கிடையில் பையனுக்குப் பசிக்கும், தாகம் எடுக்கும், தூக்கம் வரும், ஒண்ணுக்கு வரும், உடம்பு அழுக்காகும். டென்ஷன் ஏறினால் நீராவிக் குளியல் அறைக்குப் போகலாம், அல்லது கெட்ட வார்த்தை சொல்லலாம். அதற்கென்றே கீபோர்டில் ஒரு பட்டன் இருக்கிறது! ஷெட்டில் வேலை பார்த்தவர்கள், இதைவிட உண்மையான அம்சம் வேறு எந்த கேமிலும் கிடையாது என்று ஒத்துக்கொள்வார்கள். (பீர், குடித்துவிட்டு ஓட்டுவது, அதற்கு ஜெயில் எல்லாமும் இதில் உண்டு. சின்னப் பிள்ளைகளுக்கான கேம் இல்லை.)

விபத்தில் செத்துப்போனால் பத்திரிகையில் செய்தி வரும். அந்தச் சேமிப்பே அழிந்துவிடும் முறையைத் தேர்ந்தெடுத்திருந்தால், நாற்பது மணி நேர உழைப்பும் அதோடு போயிற்று. திரும்ப முதல் போல்ட்டிலிருந்து.

கேட்டாலே எரிச்சல் வருகிறது இல்லையா? ஆனால் இதற்குத்தான் வெறி பிடித்த ரசிகர்கள். காரணம், அந்த ஒரு நிமிடம். மூன்று நாள் ராத்திரி பூட்டிய வண்டியில் பேட்டரியை மாட்டி, சாவியைத் திருப்ப, இன்ஜின் இருமி, உதறி, ஒரு முறை பிடித்து நிற்கும் பாருங்கள், அந்த நிமிடம். இன்னொரு கேமில் அதே இன்ஜினைக் கால் மணி நேரத்தில் பூட்டிவிடலாம். ஆனால் சாவியைத் திருப்பும்போது நெஞ்சு அடித்துக்கொள்ளாது. ஓடும் என்று முன்பே தெரியுமே!

கவனிக்க வேண்டிய இடம் இதுதான். மை சம்மர் காரும் எல்லா நிஜத்தையும் வைத்துக்கொள்ளவில்லை. அங்கேயும் இடுப்பு வலிக்காது, பெட்ரோல் வாடை அடிக்காது. ஒரு நாள் என்பது நம் கடிகாரத்தின் 24 மணி நேரம் அல்ல. நிறையவே கழித்திருக்கிறார்கள். ஆனால் ஒன்றை மட்டும் கழிக்கவில்லை. தப்பு செய்யும் உரிமையை. செய்த தப்பு அப்போதே தெரியாமல், பின்னால் எங்கேயோ நடுவழியில் காலை வாரும் கொடுமையை. கழிக்கக்கூடாதது அது ஒன்றுதான். துருவும் கிரீஸும் இல்லாமலேகூட ஒரு கேம் மெக்கானிக்கின் வேலையைச் சொல்லிவிட முடியும். தப்பே நடக்க முடியாத இடத்தில் சொல்ல முடியாது.

ராட்டினத்தில் பிறந்த விமானம்

நிஜமா, ஜாலியா என்ற இந்தச் சண்டை கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டது. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் பிங்ஹாம்டன் என்ற ஊர். அங்கே தியேட்டர்களுக்கு ஆர்கன் வாத்தியமும் பியானோவும் செய்யும் குடும்பம். அந்த வீட்டுப் பையன் எட்வின் லிங்க்குக்கு விமானம் ஓட்டுவதில் பைத்தியம். ஆனால் பயிற்சிக்கு ஆகும் செலவு பயங்கரம். அப்பாவின் தொழிற்சாலையில் கிடைத்த ஆர்கன் துருத்திகளையும் காற்று பம்புகளையும் வைத்து, தரையில் நின்றபடியே சாயும், திரும்பும் ஒரு குட்டி விமானப் பெட்டியை 1929-ல் செய்துவிட்டார். காப்புரிமைக்கு விண்ணப்பித்தபோது அதன் தலைப்பிலேயே, மாணவ விமானிகளுக்கான பயிற்சிக் கருவி, பொழுதுபோக்குச் சாதனம் இரண்டும் சேர்ந்தது என்று எழுதிக்கொடுத்தார்.

பயிற்சிப் பள்ளிகள் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. வாங்கியவர்கள் பொழுதுபோக்குப் பூங்காக்காரர்கள். காசு போட்டால் ஆடும் ராட்டினம் போல அது வருடக்கணக்கில் ஓடியது. 1934-ல் அமெரிக்க ராணுவ விமானிகளிடம் தபால் கொண்டுபோகும் வேலையை ஒப்படைத்தார்கள். மோசமான வானிலை, கருவிகளைப் பார்த்து மட்டுமே ஓட்டிப் பழக்கம் இல்லை. சில வாரங்களிலேயே பலர் விழுந்து செத்தார்கள். அதற்குப் பிறகுதான் ராணுவம் லிங்க்கிடம் ஆறு கருவிகள் வாங்கியது. இரண்டாம் உலகப்போர் முடிவதற்குள் லட்சக்கணக்கான விமானிகள் அதில் பழகியிருந்தார்கள்.

அதே துருத்தி, அதே பெட்டி. பூங்காவில் நின்றபோது அதில் ஏறியவனுக்கு ஆட்டம் போதும். பயிற்சிக்கூடத்தில் நின்றபோது மேலே மூடி போட்டு, வெளியே எதுவும் தெரியாமல் செய்து, திசை தவறினால் தவறியது காகிதத்தில் கோடாக விழும்படி வைத்தார்கள். கூடுதலாகச் சேர்ந்தது அழகோ இரைச்சலோ அல்ல. தப்பு, அதைக் காட்டிக்கொடுக்கும் ஒரு கோடு.

சத்தம் வர மாட்டேங்குதே!

மெக்கானிக்கின் திறமை கையில் இருக்கிறது என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறோம். பாதிக்கு மேல் காதிலும் மூக்கிலும் இருக்கிறது. ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்துத் திரும்பும்போது ‘டக் டக்’ என்றால் ஆக்ஸில் ஜாயின்ட்டைச் சந்தேகப்படுவார். நேராகப் போகும்போது உறுமிக்கொண்டு, வளைவில் பாரம் ஒரு பக்கம் மாறியதும் உறுமல் கூடினாலோ குறைந்தாலோ வீல் பேரிங். இனிப்பான வாடை என்றால் கூலன்ட் ஒழுகுகிறது. எரிந்த வாடை என்றால் கிளட்ச். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம் போகிறது. விடாமல் வெள்ளையாக வந்தால் தண்ணீர் உள்ளே போகிறதோ என்று முகம் சுருங்கும்.

கார் மெக்கானிக் சிமுலேட்டர் இதை முழுக்க விட்டுவிடவில்லை. கம்ப்ரஷன் பார்க்கும் கருவி, எரிபொருள் அழுத்தம் பார்க்கும் கருவி, வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனர், சோதனை ஓட்டம் எல்லாம் அதில் உண்டு. சில ஆர்டர்களில் எந்தப் பாகம் கெட்டது என்று பட்டியல் வராது, நாமே தேட வேண்டும். அந்த கேமின் ஆகச்சிறந்த நேரம் அதுதான். பட்டியலைப் பார்த்துப் பாகம் மாற்றுவது கடைக்குப் போய் மளிகை வாங்குவது மாதிரி. பட்டியல் இல்லாதபோதுதான் அது மெக்கானிக் கேம்.

இருந்தாலும் ஒன்று இடிக்கிறது. அங்கே கெட்ட பாகம் எப்போதும் கெட்ட பாகம்தான். சோதித்தால் மாட்டிக்கொள்ளும். நிஜத்தில் அப்படியா? வீட்டிலிருந்து ஷெட் வரை ‘கடகட’ என்று மானத்தை வாங்கிக்கொண்டு வரும் வண்டி, மெக்கானிக் வந்து உட்கார்ந்ததும் பரம சாதுவாகிவிடும். பல் டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்ததும் பல்வலி நின்றுபோவது போல. “சத்தமே வர மாட்டேங்குதே சார்?” “இல்லண்ணே, இப்ப வரைக்கும் வந்துச்சு.” இந்த உரையாடலை இன்னும் எந்த கேமும் சரியாகப் பிடிக்கவில்லை.

ஜெர்மனி பிரிந்திருந்த காலத்து டிராபன்ட் காரை நினைவுபடுத்தும் ஒரு வண்டியில் துருக்கி வரை போகும் ‘ஜலோப்பி’ என்ற கேம் ஓரளவு நெருங்குகிறது. கழற்றுவது பூட்டுவதெல்லாம் அதில் ரொம்ப எளிமை. ஆனால் டயர், கார்புரேட்டர், பேட்டரி எதற்குக் காசு செலவழிப்பது, எதை அடுத்த ஊர் வரை சாமி மேல் பாரத்தைப் போட்டு ஓட்டுவது என்று மண்டை காய வைக்கும். கையில் காசில்லாமல் பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு இதுதான் மெக்கானிக்கல் அறிவின் முதல் பாடம்.

செல்போனில் வரும் இலவச கேம்களில் பலவற்றின் கதை தனி. அங்கே காத்திருப்பு இருக்கிறது. ‘ரிப்பேர் முடிய நாலு மணி நேரம்’ என்று கடிகாரம் ஓடும். ஒரு விளம்பரம் பார்த்தாலோ, கொஞ்சம் காசு கட்டினாலோ உடனே முடிந்துவிடும். நிஜத்திலிருந்து ஒரே ஒரு எரிச்சலை மட்டும் எடுத்து, அதையும் நமக்கே விற்கிறார்கள். இதைவிட துரு எவ்வளவோ நேர்மையானது.

பில்லில் அந்த ஒரு வரி

இதெல்லாம் விளையாட்டுதானே, யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்கலாம். நஷ்டம் பில் வரும்போது தெரியும்.

பாகத்தின் விலையைப் பார்த்து யாரும் சண்டை போடுவதில்லை. அதில் அச்சடித்த விலை இருக்கிறது. சண்டை எல்லாம் கீழே இருக்கும் ‘லேபர்’ என்ற வரிக்குத்தான். நாலு போல்ட்டைக் கழற்றி மாட்ட இவ்வளவா? போல்ட் என்றால் இரண்டு நொடியில் கழன்றுவிடும் பொருள் என்று பழகிப்போன கண்ணுக்கு அந்தக் கூலி கொள்ளையாகத்தான் தெரியும். துரு இளக்கும் எண்ணெய் ஊறிய அந்த ஒரு ராத்திரி பில்லில் இருக்காது. அறுந்த போல்ட்டோடு போன மத்தியானமும் இருக்காது. மை சம்மர் காரில் மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்ட பையன், தன் நிஜ பைக்கை விட வரும்போது கொஞ்சம் பொறுமையாகவே நிற்பான்.

சுத்தமான ஒர்க்ஷாப் என்ற கற்பனை கேம் செய்பவர்களோடு பிறந்ததும் அல்ல. அமெரிக்காவில் பல ஒர்க்ஷாப்புகளில் ‘ஃபிளாட் ரேட்’ என்று ஒரு முறை இருக்கிறது. ஒவ்வொரு வேலைக்கும் எத்தனை மணி நேரம் ஆகும் என்று முன்கூட்டியே குறித்துவைத்த பட்டியல். முன்பு தடிமனான புத்தகமாக இருந்தது, இப்போது கம்ப்யூட்டரில் இருக்கிறது. மெக்கானிக்குக்குக் கூலி அந்தக் கணக்குப்படிதான். கைதேர்ந்தவர் இரண்டு மணி நேர வேலையை ஒரு மணி நேரத்தில் முடித்தாலும் இரண்டு மணி நேரக் கூலி கிடைக்கும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த நேரக் கணக்கு, துருப்பிடிக்காத, நல்ல நிலையில் இருக்கும் வண்டியை மனதில் வைத்துப் போட்டது.

உப்புத் தண்ணீரில் பன்னிரண்டு குளிர்காலம் ஓடிய வண்டி லிஃப்ட்டில் ஏறுகிறது. பட்டியலில் அந்த வேலைக்கு ஒன்றரை மணி நேரம். மூன்றாவது போல்ட்டில் ‘டக்’ என்று அந்தச் சத்தம். கூடுதல் நேரத்துக்குக் காசு கேட்டு, வாடிக்கையாளர் சம்மதித்தால் உண்டு. சம்மதிக்காவிட்டால், டார்ச்சைப் பற்றவைத்துக்கொண்டு மெக்கானிக் அடியில் நிற்கும் அடுத்த மூன்று மணி நேரமும் அவர் கைக்காசு.